தேசம்மாவின் வலது கை

போன மாதம் பொன்னேரியில் புதிதாகச் சேர்ந்த மனநல ஆலோசகர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவள் வந்து நாலு வார்த்தை பேசட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முழங்கால் வலி. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை, போனேன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு டேப்லெட் இருந்தது, அதில் ஒரு படிவம். பாதிக்கப்பட்டவர் என்ன பார்த்தார், என்ன கேட்டார், வாரத்தில் எத்தனை நாள் கெட்ட கனவு வருகிறது, எல்லாவற்றுக்கும் கட்டம். கட்டங்களை நிரப்பினால் எந்த வகைப் பேச்சு சிகிச்சை, எத்தனை அமர்வு என்று அதுவே சொல்லிவிடுமாம். இருக்கட்டும், எழுதி எழுதிக் கை ஒடிந்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், உங்க அனுபவத்துல அதிர்ச்சியில இருக்கறவங்களுக்கு எந்த தெரபி பெஸ்ட்?" என்றாள்.

"தெரியலம்மா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்துவிட்டு, இன்னும் தெரியாது என்று நிற்பது எனக்கே அலுப்பாகத்தான் இருக்கிறது. அன்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வருகிறவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்க மேடம், இதையெல்லாம் யாரு படிக்கப் போறாங்க" என்றாள். இருந்தாலும் அவள் பெயரையும் அவள் வீட்டாரின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு பக்கம் ஒரு குப்பம், அது போதும்.

நான் சமூகப்பணி படித்தவள். படித்ததை விட மனநலப் பிரிவின் வெளித் திண்ணை பெஞ்சில் உட்கார்ந்து கற்றதுதான் அதிகம். பிறகு வேலை கரையோரக் கிராமங்களில். ஆரம்பத்தில் 'கவுன்சிலர்' என்ற என் பதவிப் பெயரைக் கேட்டுவிட்டு வார்டு கவுன்சிலர் என்று நினைத்துத் தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுத்தார்கள். இல்லைம்மா, நான் பேசத்தான் வந்திருக்கிறேன் என்றால், "பேசறதுக்கா சம்பளம்?" என்று வாயைப் பிளந்தார்கள். அந்தக் கேள்விக்கும் ஒழுங்கான பதில் என்னிடம் இருந்ததில்லை.

பேச்சு சிகிச்சை என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே தவிர, அது பல தினுசு. நடந்ததை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, ஒன்றும் விடாமல், திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது ஒன்று. எதைக் கண்டு ஒதுங்குகிறாரோ அதன் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போவது ஒன்று. என்னால்தான், என் தப்புதான் என்று மனதில் உறைந்து போன எண்ணத்தை எடுத்து, அது நிஜமா என்று சேர்ந்து உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பது இன்னொன்று. கண்ணை இப்படியும் அப்படியும் அசைக்க வைத்து நினைவைக் கிளறுவது பிற்பாடு வந்தது, அதற்கு நான் பயிற்சி எடுக்கவில்லை. குழுவாக உட்கார்ந்து பேசுவதும் உண்டு. எல்லாவற்றிலும் குணமானவர்களைப் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றிலும் நான் சொதப்பியும் இருக்கிறேன்.

முதல் சொதப்பல் குழுவில்தான். சேர்ந்த புதிது. ஒரு படகு கவிழ்ந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். பாடப் புத்தகத்தில் இருந்தபடி நாலாம் நாளே அந்தத் தெரு ஆட்களை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவராக நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். மூன்றாவது ஆள் சொல்லும்போதே ஒரு பொம்பளை மயங்கி விழுந்தாள். செத்தவரில் ஒருவருடைய அண்ணன் எழுந்து, "இன்னாம்மா இது? நாங்க இன்னா இஸ்கூல் பசங்களா, வரிசையா ஒப்பிக்க? கருமாதி கூட முடியல, வந்துட்டா பையத் தூக்கிகினு" என்று கத்திவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. அந்த அம்மாளுக்கு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு நான் ஊருக்குத் திரும்பினேன்.

அதைக் கேட்டும் மனநலப் பிரிவில் எங்களுக்கு மேலே இருந்த டாக்டர் திட்டவில்லை. அவர் திட்டவே மாட்டார், அதுதான் கொடுமை. மெலிந்த மனிதர், பேச்சு சுத்தமாகக் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு இட்லி. எங்களுக்கெல்லாம் கோடு போட்ட நீள நோட்டு கொடுத்து, பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழிக்கச் சொல்வார். இடது பக்கம் வந்தவர் சொன்னது, அவர் சொன்ன வார்த்தையிலேயே. வலது பக்கம் நாம் நினைத்தது. சனிக்கிழமை நோட்டை நீட்டினால் முதலில் படிக்க மாட்டார். பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். வலது பக்கம் நீளமாக இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். "நீங்க நிறைய பேசியிருக்கீங்க. அவங்க பேசினப்புறம் கொண்டாங்க" என்பார். அத்தனை பேர் வரிசையில் நிற்க, அந்த நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவதை விட இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம்.

இனி தேசம்மா.

அந்தக் குப்பத்தில் பெண்கள் கையால் இறால் பிடிப்பவர்கள். வலை கிடையாது, படகு கிடையாது. ஏரியில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து நாலைந்து பேராக இறங்குவார்கள். மார்பளவு, கழுத்தளவு தண்ணீரில் குந்திய வாக்கில் நகர்ந்துகொண்டே இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவுவார்கள். பனையோலையில் முடைந்த பை ஒன்று, பறி என்பார்கள், அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் வேறு வழியில்லை. அகப்பட்ட இறாலைப் பறியில் போட்டுவிட்டு மறுபடி கையை உள்ளே விடுவார்கள். மணிக்கணக்கில் இப்படி. வாயில் பறி இருக்கும் வரை பேச்சு கிடையாது. கலங்கல் தண்ணீர், கீழே ஒன்றும் தெரியாது. பார்வை எங்கோ தூரத்தில் இருக்கும், வேலையைக் கை பார்க்கும்.

தேசம்மா அந்த ஊரிலேயே கைராசிக்காரி என்று பெயர் எடுத்தவள். முப்பத்தைந்து வயது இருக்கும். வாய்த்துடுக்கு. கெளுத்தி முள் குத்தி ஊரில் எல்லாப் பெண்களுக்கும் கையில் தழும்பு உண்டு, அவளுக்கு மட்டும் கிடையாது. முள் பக்கம் போகுமுன்பே அவள் கைக்குத் தெரிந்துவிடும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவளும் இல்லை என்று சொன்னதில்லை.

அவள் நாத்தனார் கன்னிம்மா, புருஷனின் சொந்தத் தங்கை, கூடவே தொழிலுக்குப் போகிறவள். கன்னிம்மாவுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிட்டு வருடக்கணக்கில் வராமலே இருந்தது. ஒரு நாள் காலை ஐந்து பேர் இறங்கினார்கள். கரையேறும்போது நாலு பேர்தான் இருந்தார்கள். ஆண்கள் படகு கொண்டுபோய்த் தேடி, கொஞ்ச நேரத்திலேயே கண்டெடுத்தார்கள். தண்ணீருக்குள் வலிப்பு வந்திருக்க வேண்டும். வாயில் பறி, கூப்பிட வழியில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆன பிறகுதான் வீட்டில் கவனித்திருக்கிறார்கள். தேசம்மா வலது கையைத் தண்ணீரில் விடுவதே இல்லை. அரிசியைக் கரண்டியால் களைகிறாள். குளிக்க மகள் மொண்டு ஊற்ற வேண்டும். மழையில் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிறாள். மந்திரித்தார்கள், தாயத்து கட்டினார்கள், அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். கடைசியில் சுகாதார நிலைய நர்ஸ் என்னிடம் அனுப்பினாள். நான் வாரம் ஒரு நாள் அந்த ஊர்ப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் உட்காருவேன்.

அவளைக் கூட்டி வந்தவர் புருஷன் ஏழுமலை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி. "மேடம், என் தங்கச்சிய ஏரி எடுத்துகிச்சு. இவ உசிரோட கீறா, ஆனா ஊட்ல இல்ல. பசங்களத் தொடறதில்ல. எப்டியாவது என் பொஞ்சாதியத் திருப்பிக் குடு மேடம்" என்றார். தேசம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூச்சுப் பயிற்சி, தூக்கம், சாப்பாடு என்று இரண்டு வாரம் போனது. பிறகு நடந்ததைச் சொல்லும் கட்டத்துக்கு வந்தேன். அவசரப்படவில்லை, பழைய சூடு நினைவிருந்தது. கண்ணை மூடிக்கொள், அந்தக் காலைக்குப் போ, நிகழ்காலத்தில் சொல், என்ன பார்க்கிறாய்?

"ஒண்ணும் பாக்கல மேடம்."

"கன்னிம்மா எங்க இருக்கா?"

"பின்னால."

"அவளுக்கு வலிப்பு வந்தத பார்த்தியா?"

"பாக்கல."

"அப்புறம் என்ன பார்த்தே?"

"அதான் ஒண்ணும் பாக்கலன்றேனே. இன்னா மேடம் நீ, சொன்னதயே கேட்டுகினு."

ஆறு வாரம். வாரா வாரம் இதே. வலது பக்கத்தில் நான் எழுதினேன்: மறுக்கிறாள், தவிர்க்கிறாள், இன்னும் தயாராகவில்லை. ஆறாவது சனிக்கிழமை நோட்டை நீட்டினேன். டாக்டர் இடது பக்கத்தை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆறு தடவ ஒண்ணும் பாக்கலன்னு சொல்லியிருக்காங்க. நீங்க ஏன் நம்ப மாட்டேங்கறீங்க?"

எனக்கு உடனே விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. அட பாவி! அவள் தொழிலில் கண்ணுக்கு வேலையே இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல் என்று ஆறு வாரமாக ஒருத்தியை வதைத்திருக்கிறேன். அந்த ஊருக்கு எத்தனை வருடமாகப் போகிறேன், அந்தப் பெண்கள் ஏரியில் குந்தியிருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

அடுத்த வாரம் போய் உட்கார்ந்ததும் கேட்டேன். "தேசம்மா, அன்னைக்கு உன் கையில என்ன பட்டுது?"

அவள் சுவரிலிருந்து பார்வையைத் திருப்பினாள். என்னைப் பார்த்து உட்கார்ந்ததே அன்றுதான். வலது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. வெளியில் யாரோ வலை உலர்த்திக்கொண்டு செல்போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசி முடித்த பிறகுதான் அவள் ஆரம்பித்தாள்.

"மெத்துனு கீது. நீளமா. வெரல்ல சுத்துது. பாசினு தள்ளிட்டேன் மேடம். தள்ளிட்டு அப்பால பூட்டேன். அங்க நாலு எறா கெடச்சுது. பெரிய எறா." அப்படியே நிறுத்திவிட்டு, முந்தானையிலிருந்து கையை வெளியில் எடுத்துத் தன் மடியில் வைத்தாள். "அவ மயிரு மேடம் அது."

அவள் வாயால் இதை யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னாள். முறைப்படி அப்படித்தான்: சொல்லச் சொல்ல நினைவின் கூர் மழுங்க வேண்டும். முதலில் அழுகை, வாந்தி. பிறகு வாந்தி நின்றது. தூக்கம் வந்தது. மகளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள். ஆனால் கை மட்டும் தண்ணீருக்குப் போகவில்லை. நடந்ததன் பயம் குறைந்துவிட்டது, குற்றம் அப்படியே இருந்தது.

நான் ஒருமுறை வாய் தவறி, "உன் தப்பு இல்ல தேசம்மா" என்றுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "நீ அங்க இருந்தியா மேடம்?"

"இல்ல."

"அப்ப உனக்கு இன்னா தெரியும்? சேத்துக்குள்ள வெள்ள எறாவா, கருப்பு எறாவானு தொட்ட ஒடனே சொல்லுவேன். நண்டு எந்தப் பக்கம் மூஞ்சி வச்சிகினு கீதுனு சொல்லுவேன். என் கைக்குப் பாசியும் மயிரும் தெரியாதா? தெரிஞ்சிருக்கும் மேடம். தெரிஞ்சும் எறா ஆசையில தள்ளிட்டுது இந்தக் கை. அவ அப்ப உசிரோட இருந்திருப்பா."

அவள் அப்போது உயிரோடு இருந்தாளா என்பது யாருக்கும் தெரியாது. இல்லை என்று நான் அடித்துச் சொன்னால் அது பொய். அந்தக் கை தப்பே செய்யாது என்ற பெருமைதான் அவளைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தது. எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் முறை என்று மேலே சொன்னேனே, அதைக் கையில் எடுத்தேன். சோதனை என்றால் வாதாடுவது அல்ல. கேள்வி கேட்பது, பதில் அவரிடமிருந்தே வரும்படி.

"ஒரு நாள்ல எத்தன தடவ கையப் போடுவே?"

"யாரு எண்ணுனா. நெறைய தபா."

"போட்ட தடவ எல்லாம் எறா வருமா?"

"அதெப்டி வரும்? பாதிக்கு மேல வெறுங்கைதான். கல்லு வரும், சிப்பி வரும், குச்சி வரும்."

"எறானு நெனச்சுப் பிடிச்சது குச்சியா இருந்ததுண்டா?"

"உண்டு." பிறகு மெதுவாகச் சொன்னாள். "பறியில எறா மட்டும்தான மேடம் வுழுது. தப்பா புடிச்சதெல்லாம் அங்கயே வுட்டுட்டு வந்துர்றோம். ஊட்டுக்கு வந்தா பறியத்தான் பாக்குறாங்க."

நான் உள்ளுக்குள் துள்ளினேன். ஆயிற்று, வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் உடனே தலையை ஆட்டினாள்.

"ஆனா குச்சி வேற, மயிரு வேற மேடம். மயிரு எனக்குத் தெரியும். நீ வேணா ஒரு அன்னக்கூடையில சேத்துத்தண்ணி ரொப்பிப் பாசியும் மயிரும் போட்டு எடுத்துகினு வா. காட்டுறேன்."

என் தொழில் வாழ்க்கையின் பெரிய தவறு இதுதான்: சரி என்றேன். முடிவு என்ன வரும் என்று தெரியாத சோதனையை வைக்காதே என்பது பால பாடம். டாக்டரிடம் நான் கேட்கவும் இல்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. சேற்றுத் தண்ணீரில் எவளுக்குத் தெரியப் போகிறது, தடுமாறுவாள், தன் கையும் தப்பும் என்று அவளே பார்த்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டேன்.

பொன்னேரியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் பின்னலில் வைத்துக் கட்டும் சவுரி முடி வாங்கினேன். கடைக்காரர் "கல்யாணமா மேடம்?" என்றார். அடுத்த வாரம் அலுமினிய அன்னக்கூடையில் ஏரித்தண்ணீரும் சேறும், அதில் ஒரு பிடி பாசியும் அவிழ்த்துவிட்ட சவுரியும். கலக்கிவிட்டதும் ஒன்றும் தெரியவில்லை. கூட இறங்கும் பெண்களில் இரண்டு பேரை அவளே கூட்டி வந்திருந்தாள். முதலில் மூத்தவள் கையை விட்டு, பாசியைத் தொட்டு மயிர் என்றாள். அடுத்தவள் "தெரிலடி, எல்லாம் ஒண்ணாத்தான் கீது" என்று கையை உதறினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

தேசம்மா அன்னக்கூடைக்கு முன்னால் குந்தினாள். ஐந்து மாதமாகத் தண்ணீரைத் தொடாத கை. முழங்கை வரை முந்தானையை ஒதுக்கிவிட்டு, எங்கோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உள்ளே விட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள், அங்கே பறி இல்லை.

"இது பாசி" என்றாள். கை நகர்ந்தது. "இது மயிரு."

வெளியே எடுத்துக் காட்டினாள். விரலில் சவுரி தொங்கியது. அவள் முகத்தில் எதுவும் இல்லை.

"பாத்தியா மேடம்" என்றாள். கையைத் துடைக்கக்கூட இல்லை, எழுந்து போய்விட்டாள். அந்த இரண்டு பெண்களும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அன்னக்கூடையை வெளியில் கவிழ்த்துவிட்டு நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தியின் கையையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டேன். இவளுக்கு ஏதாவது ஆனால் அதற்கு நான்தான் காரணம்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சவுரி வாங்கியது முதல். வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"தண்ணிக்குள்ள கை போச்சா?" என்றார்.

"போச்சு சார்."

"நீங்க சொல்லியா போச்சு?"

"இல்ல சார். தானா."

"வேலைய விடறது அப்புறம். முதல்ல போய் அவங்க வீட்ல உக்காருங்க. ஒண்ணும் கேக்காதீங்க. சரி பண்ணவும் பாக்காதீங்க. ராத்திரி தூங்கறாங்களா, சாப்பிடறாங்களான்னு மட்டும் அவங்க வீட்டுக்காரர்கிட்ட தெரிஞ்சுக்கங்க. தப்பா எதாவது பட்டா உடனே எனக்கு போன் பண்ணுங்க."

போனேன். வாரம் ஒரு நாள் என்பதை இரண்டு நாளாக்கிக்கொண்டேன். அவள் வாசலில் உட்காருவேன். அவள் ஒரு டம்ளர் டீ வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஏழுமலை, "சாப்டுறா மேடம், தூங்குறா, ஆனா வாயத் தொறக்கல" என்பார். டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். மூன்று வாரம் இப்படி. எதிர்வீட்டு ஆள், "பேசறதுக்குச் சம்பளம்னாங்க, இந்தம்மா பேசாமயே வாங்குது" என்று என் காதுபடவே சொன்னார். வாங்கிக் கட்டிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

நாலாவது வாரம் போனபோது தேசம்மா வாசலில் குண்டானில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கரண்டி இல்லை. கையால். நான் நின்றுவிட்டேன்.

"உக்காரு மேடம், இன்னாத்துக்கு நிக்கிற" என்றாள். கழுநீரைச் சாய்த்து, மறுபடி தண்ணீர் ஊற்றி அலசினாள். அலசிக்கொண்டே பேசினாள்.

"யோசிச்சேன் மேடம். அன்னிக்கு அன்னக்கூடையில நான் மயிரத் தேடிகினு தொட்டேன். தேடுனா கைக்குத் தெரியுது. அன்னிக்கு ஏரியில நான் எறாவத் தேடிகினு இருந்தேன். எறா இல்லாத எல்லாமே எனக்குப் பாசிதான். மயிரு அங்க இருக்கும்னு யாரு கண்டா? இருக்கும்னு தெரிஞ்சிருந்தா தேடியிருப்பேன். தேடியிருந்தா வுட்டிருக்க மாட்டேன் மேடம்."

என் கேள்வியும் என் அன்னக்கூடையும் போய்ச் சேராத இடத்துக்கு, மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு அவளே போய்ச் சேர்ந்திருக்கிறாள். இதை எந்த வகை சிகிச்சை என்று எந்தக் கட்டத்தில் போடுவது?

"ஆனா ஒண்ணு பாக்கி கீது" என்றாள். "எங்கூட்டுக்காரு. அவரு தங்கச்சி. அவராண்ட சொல்லாம நான் ஏரியில எறங்க மாட்டேன். சொன்னா வச்சிகினு வாழுவாரா, தள்ளி வுட்டுடுவாரா, தெரியல. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீது எனக்கு."

"நான் கூட இருக்கட்டுமா?"

"வாணாம் மேடம். உன் எதிர்ல அவரு ஒழுங்கா நடந்துப்பாரு. அவரு மனசுல இன்னா கீதுனு எனக்குத் தெரியாம பூடும்."

"அடிப்பாரா?"

"கை நீட்டுனதில்ல. இதுக்கு இன்னா பண்ணுவாருனு எனக்கே தெரியல."

வேண்டாம், பொறு, முதலில் நான் அவரிடம் ஜாடையாகப் பேசிப் பார்க்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் அவளுடைய அக்கா இருந்தாள். ஏதாவது என்றால் பிள்ளைகளோடு அங்கே போவது, எனக்கு போன் செய்வது என்று மட்டும் பேசி வைத்துக்கொண்டோம். அந்த ஒரு வாரமும் போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தேன். போன் வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் புயல் கட்டடத்துக்கு அவள் தானாகவே வந்தாள். தனியாக. கண் வீங்கியிருந்தது.

"சொல்ட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"சாப்டுகினு இருந்தாரு. எல்லாம் சொன்னேன். மயிரு கையில பட்டது, பாசினு தள்ளுனது, அப்பால எறா புடிச்சது. ஒண்ணயும் ஒளிக்கல. சோத்துல இருந்து கைய எடுத்துட்டாரு. ரொம்ப நேரம் அப்டியே குந்திகினு இருந்தாரு மேடம். எனக்கு உசிரே இல்ல. இவரு இப்ப எழுந்து போவப் போறாருனு நெனச்சிகினேன்."

"அப்புறம்?"

"'எந்தங்கச்சி அவ்ளோ தண்ணியில யாருமே இல்லாம செத்தாளேனு நெனச்சு நெனச்சு நான் தூங்கல தேசம்மா. கடசியா உன் கை அவ தலயத் தொட்டுதா?'னு கேட்டாரு. தொட்டுதுன்னேன். இந்தக் கையப் புடிச்சு அவரு மூஞ்சில வச்சிகினாரு மேடம். வச்சிகினு அப்டி அழுதாரு. கல்யாணமாயி இத்தினி வருசத்துல நான் பாத்ததில்ல."

எத்தனையோ பேர் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். நான் அழக்கூடாது என்பது பயிற்சி, அதுவரை அழுததும் இல்லை. அன்று என்னால் முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். தேசம்மா எழுந்து வந்து, அந்த வலது கையை என் முதுகில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

"அழுவாத மேடம், போதும். பதினோரு மணிக்குத் தண்ணி வத்துது, அவளுங்க எனக்காவ நிக்கிறாளுங்க. நான் போவணும்" என்றாள்.